கடைத்தெருவுக்கு ஐந்து முறை



இந்த வாரச் சிந்தனையில் ஒரு கால்பந்து வீரரைப் பற்றி எழுதுகிறேன். விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் அதிகம் எழுதியதில்லை. இன்று எழுதக் காரணம், நான் செய்த ஒரு தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் ராஜபாளையத்தில் நம் சபையின் வாலிபர் ஒருவர் ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தார். பள்ளி நாள் முதல் பின்களத்தில் ஆடி வந்தவர் அவர். ஊர்ப் பிள்ளைகள் ‘பேக்’ என்று சொல்லும் இடம் அது. மாவட்ட அணித் தேர்வுக்கு இரண்டு முறை சென்று, இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். அப்போது வயது இருபத்திரண்டு. சென்னைக்குச் சென்று, ஏதேனும் ஒரு அணியில் சேர்ந்து, ஓராண்டு முயன்று பார்க்கலாமா என்பது அவருடைய கேள்வி. அவருக்காக ஜெபித்தேன். பிறகு, “தம்பி, பந்துக்குப் பின்னால் ஓடும் வயது முடிந்துவிட்டது. இனி வீட்டுச் சுமையை எண்ணிப் பார்” என்றேன். அடுத்த மாதமே அவர் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வாலிபனை நல்வழிப்படுத்திவிட்டோம் என்ற திருப்தி எனக்கு இருந்தது.

சென்ற மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடித்துப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். இரவு ஷிப்டுக்குப் போகும் வழியில் அவரும் அதே பேருந்தில் ஏறி, என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். குடும்பம், வேலை என்று பேசிக்கொண்டு வந்தவர் திடீரென்று, “ஐயா, அனஸ் எடத்தொடிகான்னு ஒருத்தர். முப்பது வயசுலதான் முதல் முதலா இந்தியாவுக்கு ஆடினாரு. உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. எனக்குத் தெரியாது என்றேன். ராஜபாளையத்தில் இறங்கி அவர் ஆலைக்குப் போய்விட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பெயரைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அனஸ் நமக்குத் தொலைவானவர் அல்லர். நம் ஊருக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடருக்கு அப்பால், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் உள்ள கொண்டோட்டி என்ற ஊர்க்காரர். 1987 பிப்ரவரி 15 அன்று பிறந்தவர். வசதியில்லாத குடும்பம். பள்ளிப் பருவத்திலேயே ஆட்டோ ஓட்டிச் சம்பாதித்தவர். மலப்புரம் கால்பந்தை உயிராக நேசிக்கும் மாவட்டம். அறுவடை முடிந்த வயலும் அங்கே ஆடுகளமாகிவிடும். அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டிகளைக் காணக் கூட்டம் திரளும். அந்த மண்ணிலிருந்து புறப்பட்ட இளைஞர் மும்பை எஃப்சி என்ற புதிய அணியில் சேர்ந்தார். அந்த அணி அப்போது இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. 2008இல் ஐ-லீக்கிற்கு உயர்ந்தது. 2011இல் புனே எஃப்சிக்கு மாறினார். 2012–13 பருவத்தில் புனே அணி ஐ-லீக்கில் இரண்டாம் இடம் பெற்றது.

இந்த ஆண்டுகளை நாம் வேகமாகக் கடந்துவிடக் கூடாது. இருபத்தொன்றாம் வயதில் தொடங்கி இருபத்தெட்டாம் வயது வரை, நாட்டின் உயர்ந்த லீக்கில் வாரம் தவறாமல் உழைத்த காலம் அது. ஆனால் இந்தியாவின் நீலச் சட்டை அணிந்து ஒரு பந்தயத்தில் இறங்கும் வாய்ப்பு மட்டும் கிட்டவில்லை. 2015இல் அவர் டெல்லி டைனமோஸ் அணியில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர் பிரேசிலின் ராபர்டோ கார்லோஸ். மறு ஆண்டு இத்தாலியின் ஜான்லூகா சாம்ப்ரோட்டா. இருவரும் உலகக் கோப்பை வென்றவர்கள், இருவரும் தடுப்பாட்டக்காரர்கள். தடுப்பாட்டத்தின் அருமை தெரிந்தவர்களின் கண்முன் அவர் ஆடினார் என்பதைக் கவனியுங்கள்.

2017 மார்ச் 22 அன்று, கம்போடியாவுக்கு எதிரான நட்புப் பந்தயத்தில் அனஸ் முதன்முறையாக இந்தியாவுக்காக ஆடினார். வயது முப்பது முடிந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. பின்களத்தில் அவரோடு இணையாக நின்ற சந்தேஷ் ஜிங்கன் அவரைவிட ஆறு வயது இளையவர். ஆயினும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்திய அணிக்கு வந்துவிட்டவர். அதே 2017 ஜூலையில் நடந்த ஐஎஸ்எல் வீரர் தேர்வில், புதிய அணியான ஜாம்ஷெட்பூர் தன் முதல் தேர்வாக அனஸை அழைத்தது. அவருக்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த தொகை 1 கோடியே 10 லட்சம் ரூபாய். அந்தத் தேர்வில் ஓர் இந்திய வீரருக்கு இருந்த மிக உயர்ந்த தொகை அதுதான்.

அவர் ஏன் இவ்வளவு தாமதமாகக் கண்டுகொள்ளப்பட்டார்? எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு.

முதலாவது, அவர் நின்ற இடம். கோல் அடிப்பவனை எவரும் காண்பர். கோல் விழாமல் காப்பவனைக் காண்பதற்குப் பழகிய கண் வேண்டும். அவன் மிகச் சிறப்பாகச் செயல்பட்ட நாளில் களத்தில் எதுவுமே நடக்காததுபோல் தோன்றும். ஐரோப்பாவில் 1956 முதல் வழங்கப்படும் பாலன் டோர் என்ற உயரிய விருதைத் தடுப்பாட்டக்காரர்களாக இருந்து பெற்றவர்கள் மூவர் மட்டுமே: ஜெர்மனியின் பெக்கன்பவர், சாமர், இத்தாலியின் கன்னவாரோ. கன்னவாரோ அதைப் பெற்ற 2006இல் அவருக்கு வயது முப்பத்து மூன்று. தடுப்பாட்டக்காரனுக்குக் கால்வேகம் மட்டும் போதாது. எதிரி எங்கே பந்தை அனுப்பப் போகிறான், எந்தப் பக்கம் திரும்புவான், எப்போது பாய வேண்டும், எப்போது பாயாமல் நிற்க வேண்டும் என்ற அறிவு வேண்டும். அது பல பந்தயங்களில், பல பிழைகளில் விளைவது. பதினெட்டு வயதுத் தேர்வில் அதை அளக்க முடியாது. ஏனெனில் அந்த வயதில் அது இன்னும் விளைந்திருக்காது.

இரண்டாவது, தேர்ந்தெடுப்பவர்களின் அவசரம். அனஸ் முதல் பந்தயம் ஆடிய அதே 2017ஆம் ஆண்டு அக்டோபரில், பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பையை இந்தியா நடத்தியது. நாடே அந்தப் பிள்ளைகளைக் கொண்டாடியது; அதில் பிழையில்லை. ஆனால் எல்லோர் பார்வையும் பதினேழு வயதின் மேல் இருந்த அந்த ஆண்டில், நாட்டின் பின்களத்தைத் தாங்கி நின்றவர் முப்பது வயதில் வந்த ஒருவர். இளவயதுத் தேர்வுகளில் இன்னொரு குறையும் உண்டு. ஒரே வயதுப் பிரிவில், ஆண்டின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகள் ஆண்டின் இறுதியில் பிறந்தவர்களைவிட அதிகமாகத் தேர்ந்தெடுக்கப்படுவதைப் பல நாடுகளில் ஆய்ந்து கண்டிருக்கிறார்கள். பத்து மாதம் மூத்த பிள்ளையின் உயரத்தையும் பலத்தையும் நாம் திறமை என்று எண்ணிவிடுகிறோம்.

இங்கிலாந்திலும் இப்படியொருவர் உண்டு. டேன் பர்ன் என்ற தடுப்பாட்டக்காரர், தான் நேசித்த நியூகாசில் அணியின் பயிற்சிக் கூடத்திலிருந்து பதினோரு வயதில் விலக்கப்பட்டார். பேரங்காடி ஒன்றில் தள்ளுவண்டிகளைச் சேகரித்து அடுக்கும் வேலையும் பார்த்தார். சிறிய அணிகள் பலவற்றில் ஆடிய பிறகு 2022 ஜனவரியில் அதே நியூகாசில் அவரை அழைத்துக்கொண்டது. 2025 மார்ச் 16 அன்று லீக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் லிவர்பூலுக்கு எதிராகத் தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார்; எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு நியூகாசில் ஓர் உள்நாட்டுக் கோப்பையைக் கையில் ஏந்தியது. ஐந்து நாள் கழித்து, முப்பத்திரண்டாம் வயதில், இங்கிலாந்துக்காக முதன்முறை ஆடினார்.

பிரியமானவர்களே, இத்தகைய சரித்திரங்களைக் கேட்டவுடன் எங்களைப் போன்ற போதகர்கள் செய்வது என்ன? பொறுமையைப் பிரசங்கிப்போம். பார்வோனுக்கு முன் நின்றபோது மோசேக்கு வயது எண்பது. மலைநாட்டைக் கேட்டபோது காலேபுக்கு வயது எண்பத்தைந்து. ஆகவே காத்திருங்கள் என்போம். நானும் பல முறை அப்படிப் பிரசங்கித்திருக்கிறேன். அது பொய்யல்ல. ஆனால் அது பாதிதான் என்பதை இப்போது உணர்கிறேன். காத்திருப்பவனுக்குப் பொறுமையைப் போதிப்பது எளிது. காத்திருக்க வைப்பவனிடம் பேசுவதுதான் கடினம்.

திராட்சத் தோட்டத்துக்கு வேலையாட்களை அமர்த்திய எஜமானின் உவமையை எண்ணிப் பாருங்கள். பதினோராம் மணி வேளை என்பது நம் கணக்கில் மாலை ஐந்து மணி. அந்நேரம் வரை கடைத்தெருவில் நின்றவர்களை நாம் சோம்பேறிகள் என்றே எண்ணிக்கொள்கிறோம். ஆனால் ஏன் நாள் முழுதும் இங்கே நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்டபோது, தங்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்கள் தந்த விடை. எஜமான் அதை மறுக்கவில்லை. அவர்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை. தோட்டத்துக்கு அனுப்பினார். கூலியைப் பற்றிய பிரசங்கங்கள் பல கேட்டிருக்கிறோம். நான் இன்று கவனிப்பது அந்த எஜமானின் நடையை. அதிகாலையில் சென்றார், ஒன்பது மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு, ஐந்து மணிக்கு மீண்டும் மீண்டும் சென்றார். ஒரே நாளில் ஐந்து முறை. காலையில் ஒருமுறை பார்த்தாயிற்று, தேறியவர்களை எடுத்தாயிற்று என்று அவர் வீட்டில் உட்காரவில்லை.

என் கருத்து இதுதான்: பிந்தி மலர்ந்தவர்கள் என்று நாம் சொல்லும் பலர், உண்மையில் பிந்தி அழைக்கப்பட்டவர்கள். தாமதம் அவர்களுடையது அல்ல. ஒரே முறை கடைத்தெருவுக்குப் போய்வந்து கதவைச் சாத்திக்கொண்ட நம்முடையது.

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். விளையாட்டுக்கு வயது உண்டு. ஏழை வீட்டில் சம்பளம் வேண்டும். ஆயிரம் பேர் காத்திருந்தால் ஒருவர்தான் அனஸ் ஆவார். ஆகவே போதகர் சொன்ன ஆலோசனை சரியே என்று சிலர் சொல்லலாம். ஓரளவு உண்மைதான். முப்பதில் வந்தவருக்குக் காலம் குறுகியது என்பதை அனஸின் வாழ்க்கையே காட்டுகிறது. 2019 ஆசியக் கோப்பையில் இந்தியா தன் முதல் பந்தயத்தில் தாய்லாந்தை 4–1 என்று வென்றது. ஜனவரி 14 அன்று ஷார்ஜாவில் பஹ்ரைனுக்கு எதிரான மூன்றாம் பந்தயம். தோற்காமல் இருந்தாலே அடுத்த சுற்றுக்குச் செல்லும் நல்வாய்ப்பு இருந்தது. தொடங்கிய சில நிமிடங்களிலேயே அனஸ் காயமுற்று வெளியேறினார். கடைசி வேளையில் கிடைத்த பெனால்டியால் பஹ்ரைன் 1–0 என்று வென்றது. மறுநாள் அவர் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். முதல் அழைப்புக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே இரண்டு ஆண்டுகள்கூட முழுமையாக இல்லை. பின்னர் அதே ஆண்டில் புதிய பயிற்சியாளரின் அழைப்பை ஏற்று மீண்டும் இந்தியாவுக்காக ஆடினார் என்றாலும், மொத்தக் காலம் குறுகியதே.

ஆனால் இதிலிருந்து நான் பெறும் பாடம், முயலாதே என்பதன்று. அவருக்கு அழைப்பு இருபத்தைந்தில் வந்திருந்தால், நாடு அவரை இன்னும் ஐந்து ஆண்டுகள் கூடுதலாகப் பெற்றிருக்கும். நஷ்டம் அவருக்கு மட்டுமா? மேலும், அழைப்பு வராத ஆண்டுகளில் அவர் செய்த வேலை வீண்வேலை அல்ல. மும்பையிலும் புனேயிலும் அவர் காத்த ஒவ்வொரு பந்தயமும் தன்னளவில் முழுமையானது. யாரோ ஒருவர் பிற்பாடு கவனித்ததால் அதற்கு மதிப்பு வந்துவிடவில்லை. 2024இல், முப்பத்தேழாம் வயதில், கேரளத்தின் புதிய சூப்பர் லீக் போட்டியில் தன் சொந்த மாவட்டத்தின் அணியான மலப்புரம் எஃப்சிக்காகவும் ஆடியிருக்கிறார். அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் வேலையை நேசித்த மனிதர் என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

இனி நம் ஊர்களுக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளியாகும் நாளில் ஒரு பிள்ளையின் முழு வாழ்வும் தீர்ந்துவிட்டது போல் நாம் பேசுகிறோம். ராஜபாளையத்தின் ஆலைகளிலும், சத்திரப்பட்டியின் விசைத்தறிகளிலும், பதினெட்டு வயதில் தோற்றவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டுப் பின்பு எவராலும் மறுபடி கேட்கப்படாத எத்தனை பேர் உழைக்கிறார்கள்! அந்த உழைப்பை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. நம் ஊர்கள் அதனால்தான் பிழைக்கின்றன. ஆனால் ‘வேறு எதுவும் செய்ய விரும்புகிறாயா?’ என்று அவர்களிடம் யாரேனும் இரண்டாம் முறை கேட்டோமா? சபையிலும் நாம் வேறு அல்ல. ஒரு முறை பாடத் தயங்கிய பெண்ணைப் பாடகர் குழுவுக்கு மறுபடி அழைப்பதில்லை. ஞாயிறு பள்ளியில் ஒருமுறை தடுமாறிய வாலிபனிடம் மீண்டும் ஒரு வகுப்பைக் கொடுப்பதில்லை. பத்து ஆண்டுகளாக அதே நான்கு பேர் எல்லாப் பொறுப்பிலும் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஆர்வமில்லை என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பில் ஏற்றிய பால் காத்திருப்பதால் மட்டும் கோவாவாகிவிடாது. ஒருவர் நெருப்பருகே நின்று, கை வலிக்க வலிக்கக் கிளறிக்கொண்டே இருக்கிறார். அவர் அகன்றால் பால் அடிபிடித்துவிடும். காலம் ஆவது பாலுக்கு இயல்பு. உடன் நிற்பது மனிதருடைய கடமை.

போன வாரம் அந்த வாலிபரின் வீட்டுக்குச் சென்றேன். “தம்பி, அன்று நான் அவசரப்பட்டுவிட்டேன். உன் ஆட்டத்தை ஒரு நாள்கூட வந்து பார்க்காமலேயே தீர்ப்புச் சொன்னேன். என்னை மன்னித்துவிடு” என்றேன். சென்னைக்குப் போயிருந்தால் அவர் வென்றிருப்பாரா என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு இனிமே வேணாம் ஐயா. சாயங்காலம் கிரவுண்டுல சின்னப் பசங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுக்குறேன். அதுல ஒருத்தன் பேக் ஆடுறான். ஸ்கூல் டீம்ல எடுக்கல, குள்ளமா இருக்கான்னு சொல்லிட்டாங்க. நீங்க ஒரு நாள் வந்து பாருங்க” என்றார்.

சனிக்கிழமை போனேன். கால்பந்தின் நுணுக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மணி நேரம் அந்தச் சிறுவனை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன். பந்து வரும் முன்பே அது வரும் இடத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். வரும் சனிக்கிழமையும் போவதாக அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த வாரம் உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. நீங்கள் ஒருமுறை பார்த்து, போதாது என்று தீர்த்துவிட்ட ஒருவரை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் மகனாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், கடையில் வேலை செய்யும் பையனாக இருக்கலாம். அவரிடம் மறுபடி சென்று கேளுங்கள்.

மாலை ஐந்து மணிக்கும் நம்மைத் தேடி வந்த ஆண்டவரே, நாங்கள் கதவைச் சாத்திய இடங்களுக்குத் திரும்பிச் செல்லும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.